ரிமோட்டில் யாரும் அமுக்காத பட்டன் (நீளமான இழை)

உங்க வீட்டுப் பழைய டிவிடி பிளேயர் ரிமோட் எங்கேயாவது கிடக்குதா? எடுத்துப் பாருங்க. சப்டைட்டில், ஆடியோ பட்டன்களுக்குப் பக்கத்துல 'ஆங்கிள்'னு ஒண்ணு இருக்கும்.

அதை அமுக்கி எப்பவாவது ஏதாவது நடந்திருக்கா? எனக்கு ஒருமுறைகூட நடந்ததில்லை. திரை ஓரத்துல ஒரு கை வந்து 'முடியாது'ன்னு காட்டிட்டுப் போயிடும்.

அந்தப் பட்டனோட கதையைத்தான் இன்னிக்கு எழுதறேன். ஓபி முடிச்சு ராத்திரி உட்கார்ந்து தட்டச்சுவது, பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. நீளம் அதிகம். டீ எடுத்துட்டு வந்துடுங்க.

இதை எழுதணும்னு தோணினது 2022 டிசம்பர் 18 ராத்திரி. உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டி, அர்ஜென்டினா – பிரான்ஸ். நான் லீவுல சொந்த ஊர் காரைக்கால் போயிருந்தேன்.

வெளியூர்க்காரங்களுக்குச் சின்ன அறிமுகம். மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். ஆனா நாங்க புதுச்சேரி. 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன ஊர். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி முழுசா மாறியது 1962 ஆகஸ்ட் 16. அப்போது ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதனால இன்னிக்கும் எங்க ஊர்ல பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள குடும்பங்கள் உண்டு. எங்க பெரியப்பா வீடு அதுல ஒண்ணு. அவர் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்குறவர்.

அன்னிக்கு வீடு ரெண்டாப் பிரிஞ்சு கிடந்தது. சின்னப் பசங்க எல்லாம் மெஸ்ஸி. பெரியப்பா மட்டும் பிரான்ஸ்.

போட்டி ஜியோசினிமாவில் இலவசமா ஓடியது, தமிழ் வர்ணனையோட. கூடவே ஒரு வசதி: எந்தக் கேமராவின் காட்சி வேணும்னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். என் தம்பி பையன் அதைத் தட்டித் தட்டிக் கோணத்தை மாத்திக்கிட்டே இருந்தான். பத்து நிமிஷத்துல எல்லாரும் கத்தி அவனை மெயின் கேமராவுக்கே திரும்ப வெச்சாங்க. அதுக்கப்புறம் யாரும் தொடலை.

ஆட்டம் 3–3. பெனால்டியில் அர்ஜென்டினா 4–2. பெரியப்பா எழுந்து படுக்கப் போயிட்டார்.

ரெண்டு மூணு நாள்ல கதை திரும்பியது. 108-வது நிமிஷம் மெஸ்ஸி அடித்த மூணாவது கோல் செல்லாதுன்னு பிரான்சில் ஒரு பேச்சு கிளம்பியது. பந்து கோட்டைத் தாண்டும் முன்னாடியே அர்ஜென்டினாவின் மாற்று ஆட்டக்காரர்கள் கொண்டாட மைதானத்துக்குள்ள கால் வெச்சுட்டாங்களாம். லெகிப் பத்திரிகை அதை எழுதியது. ஆதாரம் என்ன? கோட்டோரமும் சேர்ந்து தெரியும் ஒரு படம். நாம பார்த்த நேரலையில கேமரா பந்து மேலேயே இருந்ததால அது நம்ம கண்ணுல படலை.

நடுவர் மார்சினியாக் சும்மா இருக்கலை. பத்திரிகையாளர்கள் முன்னால தன் செல்போனை எடுத்து இன்னொரு படத்தைக் காட்டினார். எம்பாப்பே கோல் அடித்தபோது பிரான்சின் ஏழு பேர் மைதானத்துக்குள் நிற்கும் படம். இதை ஏன் பத்திரிகையில் போடலைன்னு கேட்டார்.

பெரியப்பா முதல் படத்தை ஃபேமிலி குரூப்பில் போட்டார். பையன் ரெண்டாவது படத்தைப் போட்டான். ஒரு வாரம் வீட்டுக்குள்ள போர்.

எனக்கு அப்பதான் உறைத்தது. போட்டி நடக்கும்போது கையிலேயே இருந்த கோணத் தேர்வை யாரும் சீண்டலை. தன் ஆளுக்கு அநியாயம் நடந்ததுன்னு தோணினதும் ஊரே வேற கோணம் தேடி அலையுது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1900, பாரிஸ் உலகக் கண்காட்சி. காரைக்கால் அப்போ பிரெஞ்சு ஆட்சியில். லூமியேர் சகோதரர்கள் சினிமா காட்டி அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்தது. ரவுல் கிரிமுவான்-சான்சோன் என்பவர் சினேயோராமா என்று ஒன்றைக் கட்டினார். வட்டமான அரங்கு, சுற்றிலும் திரை, பத்து புரொஜெக்டர். நடுவில் பலூன் கூடை மாதிரி ஒரு மேடை. அதில் நின்றால் பாரிசுக்கு மேலே பறப்பது போல இருக்கும். முக்கியமான விஷயம், எந்தப் பக்கம் பார்ப்பது என்பது உங்க கழுத்தோட விருப்பம்.

பத்து விளக்கின் சூடு கீழே இருந்த ஆட்களைத் தகிக்கவைத்ததில் மூணு நாளில் மூடிட்டாங்கன்னு பொதுவா சொல்வாங்க. ஒரு முழுக் காட்சிகூட நடக்கலைன்னு சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. ஆக, பார்க்கிறவன் இஷ்டத்துக்குப் பார்க்கட்டும் என்ற யோசனைக்கு முதல் அடி விளக்குச் சூட்டிலேயே விழுந்தது.

அடுத்து டிவி காலம். மைதானத்துல பத்து கேமரா இருக்கும். பத்தும் ஒரு வேனுக்குள்ள இருக்கிற பத்து சின்னத் திரையில ஓடும். அதுக்கு முன்னால உட்கார்ந்த இயக்குநர் 'ரெண்டு... நாலு... ரெண்டு'ன்னு சொல்லச் சொல்ல ஒரே ஒரு காட்சி மட்டும் வெளியே வரும். மீதி ஒன்பதும் வேனோட சரி.

நமக்கு அப்ப அந்த ஒண்ணு கிடைச்சதே பெரிய விஷயம். எண்பதுகள்ல எங்க கடற்கரைப் பக்கம் இலங்கை ரூபவாஹினி வரும். அப்பா மாடியில நின்னு ஆண்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து அம்மா 'வந்துருச்சு... போயிருச்சு'ன்னு குரல் கொடுக்கணும். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஆங்கிள் ஆண்டெனா ஆங்கிள்தான்.

பெரியப்பா ஒருதடவை பிரான்சிலிருந்து வீடியோ கேசட் கொண்டு வந்தார். போட்டால் கறுப்பு வெள்ளை. பிரான்சின் டிவி முறை செகாம், நம்மது பால். வண்ணத்தைப் பதியும் விதமே வேற. 'பிரான்சுல இன்னும் கலர் வரலையா பெரியப்பா?'ன்னு கேட்டு அடி வாங்கியது தனிக்கதை.

அந்த ஒன்பது காட்சியையும் வீட்டுக்குக் கொடுத்தால் என்ன என்று உருப்படியா செய்து பார்த்த ஊர்களில் ஒண்ணு கனடாவின் மான்ட்ரியல். 1990 வாக்கில் வீடியோட்ரான் என்ற கேபிள் நிறுவனம் வீடியோவே என்று ஒரு பெட்டி கொடுத்தது. ஐஸ் ஹாக்கி போட்டியில் நாலு பட்டன், நாலு கோணம்.

இதுல ஒரு தந்திரம் இருக்கு, கவனிங்க. நீங்க பட்டனை அமுக்கினதும் மைதானத்துக் கேமராவுக்குச் செய்தி எதுவும் போறதில்லை. நாலு காட்சியும் நாலு சேனலா ஏற்கெனவே உங்க வீட்டு ஒயர்ல வந்துக்கிட்டேதான் இருக்கு. பெட்டி ஒண்ணை விட்டு ஒண்ணுக்குத் தாவுது, அவ்வளவுதான். ஆனா நாலும் ஒரே நொடியில் இருக்கணும். ஒண்ணு அரை நொடி பின்தங்கினாலும், நீங்க கோணம் மாத்தினதும் விழுந்த கோல் மறுபடி விழும். இந்த நேரப் பொருத்தத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

1996 ஜூலையில் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்கு இதையே செய்தார்கள். அந்தப் பந்தயத்தின் முதலாளி மாதிரி இருந்த பெர்னி எக்கிள்ஸ்டன், ஜெர்மனியில் ஆரம்பித்தார். பிரான்ஸ், இத்தாலி என்று போனது. முதன்மைக் காட்சி, காருக்குள் இருக்கும் கேமரா, பிட் பகுதி, நேர விவரம் எல்லாம் தனித்தனியா. 2002-இல் பிரிட்டனில் ஒரு பந்தயத்துக்கு 12 பவுண்டு கேட்டாங்க. போதிய ஆள் சேரலை. அந்த வருஷத்தோட கடை மூடியாச்சு.

இதுல எனக்கு ஒரு சொந்த வருத்தம் உண்டு. மூணே வருஷம் கழிச்சு, 2005 மார்ச்சில், நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணி காரில் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தார். முதல் இந்தியர். ஹாஸ்டல்ல முழிச்சிருந்து பார்த்தோம். ரெண்டு மணி நேரத்துல அவர் கார் திரையில வந்தது சொற்ப நேரம். இயக்குநரைக் குறை சொல்லவும் முடியாது. முன்னால ஓடுறவனைத்தானே உலகம் பார்க்கும்? பின்வரிசைக் காரைப் பார்க்க ஆசைப்பட்டது நாங்க ஒரு அறை நிறைய ஆளுங்க மட்டும்தான். அந்தப் பட்டன் எங்களுக்குத்தான் தேவைப்பட்டது, அப்ப அது செத்துப் போயிருந்தது. இப்ப ஒவ்வொரு ஓட்டுநரின் கார்க் கேமராவையும் தனியா பார்க்கிற செயலி வந்தாச்சு. நரேன் இல்லை.

டிவிடிக்கு வரேன். 1996 நவம்பரில் ஜப்பானில் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்தது. அதன் விதிமுறையிலேயே ஒரு காட்சிக்கு 9 கோணம் வரை பதியலாம் என்று இருந்தது. எல்லாக் கோணத்தையும் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, ஒண்ணு விட்டு ஒண்ணா வட்டில் அடுக்குவாங்க. லேசர் உங்களுக்கு வேண்டியதைப் படிச்சு மத்ததைத் தாண்டிப் போகும். கேட்க அழகா இருக்கு. ஆனா ரெண்டு கோணம் வெச்சா அந்தக் காட்சிக்கு ரெண்டு மடங்கு இடம், ஒன்பது வெச்சா ஒன்பது மடங்கு. படம் எடுக்கிறவனுக்கும் ஒவ்வொரு கோணத்துக்கும் தனி எடிட்டிங். யார் செய்வா? கச்சேரி வட்டுகளில் கொஞ்சம் வந்தது. பெரியவங்க படங்களில் நிறையவே வந்ததுன்னு சொல்வாங்க, அதுக்கு மேல நான் எழுத மாட்டேன். அதனாலதான் உங்க ரிமோட்டில் அந்தக் கை.

1999 ஆகஸ்ட் 22. லண்டனில் ஆர்சனல் – மான்செஸ்டர் யுனைடெட். பிரிட்டனின் ஸ்கை நிறுவனம் ரிமோட்டிலேயே கோணம் மாத்தும் கால்பந்தை அன்னிக்குத் தொடங்கியது. அதில் இருந்த ஒரு வசதி எனக்குப் பிடிக்கும்: பிளேயர் கேம். பந்து எங்கே போனாலும் சரி, ஒரே ஒரு ஆட்டக்காரர் மேலேயே இருக்கும் கேமரா. உலகத்துல எந்த இயக்குநரும் எடுக்க மாட்டான். அந்த ஆட்டக்காரரின் அம்மா எடுப்பாங்க!

நம்ம ஊருக்கு இது பெரிய அளவுல வந்தது 2023 ஐபிஎல். 12 மொழி, மல்ட்டி கேம், எல்லாம் இலவசம். சென்னை – குஜராத் இறுதிப் போட்டியை உச்சத்தில் ஒரே நேரத்துல 3.2 கோடிப் பேர் பார்த்ததா ஜியோசினிமா சொன்னது. கடைசி ரெண்டு பந்து ஜடேஜா சிக்சர், ஃபோர். ராத்திரி ஒன்றரை தாண்டிடுச்சு. அந்த நேரம் தோனி தலை குனிந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், ஞாபகம் இருக்கா? அது இயக்குநரே காட்டினார். ஏன்னா மைதானத்துல எல்லாருக்கும் வேண்டப்பட்டவர் அவர் ஒருத்தர்தான். எல்லாருக்கும் ஒரே ஆளைப் பார்க்கணும்னா பட்டன் எதுக்கு?

கொஞ்சம் என் தொழிலுக்குப் போயிட்டு வரேன்.

ஹவுஸ் சர்ஜனா இருந்த காலம். எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். படகுல வழுக்கி விழுந்த மீனவர் ஒருத்தர், மணிக்கட்டு வீங்கி வந்தார். ராத்திரி கூட்டம். முன்பக்க எக்ஸ்ரே ஒண்ணு மட்டும் எடுக்கச் சொன்னேன். எலும்பு நேரா தெரிஞ்சது. சுளுக்குன்னு கட்டுப் போட்டு அனுப்பிட்டேன். நாலாம் நாள் வலி தாங்காம வந்தார். பக்கவாட்டுல எடுத்தா, உடைஞ்ச துண்டு பின்னால சாய்ஞ்சு நிக்குது.

எலும்பு மருத்துவத்தின் முதல் பாடம் அது: ஒரு கோணத்துல எடுத்த எக்ஸ்ரே எடுக்காததுக்குச் சமம். புத்தகத்துல படிச்சிருந்தேன். அவர் கையில்தான் கத்துக்கிட்டேன். 'வலை இழுக்க முடியுமா சார்?'னு அவர் கேட்டது இன்னும் காதுல இருக்கு. எலும்பைச் சரிசெய்து கட்டுப் போட்டோம், கை வந்தது. ஆனா அந்த சீசன் போச்சு.

இதய ஆஞ்சியோகிராமும் இப்படித்தான். 1958-இல் கிளீவ்லேண்டில் மேசன் சோன்ஸ் என்ற டாக்டர் செய்த சோதனையில் மருந்து தவறுதலா இதயத்தின் சொந்த ரத்தக் குழாய்க்குள் போய்விட்டது. நோயாளி செத்துடுவாரோன்னு பதறினார். ஆள் பிழைச்சார், குழாய் படத்துல தெளிவா தெரிஞ்சது. அங்கேயிருந்து வளர்ந்ததுதான் இன்னிக்கு நீங்க 'ஆஞ்சியோ'ன்னு சொல்றது. தொண்ணூறுகள் வரைக்கும் அதை நிஜமான 35 மில்லிமீட்டர் சினிமா ஃபிலிமில்தான் பதிவு செய்தார்கள்!

அதிலும் ஒரு கோணம் போதாது. முறத்தை நேரா பிடிச்சா அகலமா தெரியும், பக்கவாட்டுல திருப்பினா ஒரு கோடுதான். அடைப்பும் அப்படி. ஒரு பக்கமிருந்து பார்த்தா குழாய் நல்லா இருக்கும், கேமராவை அந்தப் பக்கம் சாய்ச்சா நூலாத் தெரியும். அதனால இடது குழாய்க்கு மட்டும் நாலஞ்சு கோணம் எடுப்பாங்க. அம்பது எடுக்கலாமேன்னு கேட்காதீங்க. ஒவ்வொரு கோணத்துக்கும் கதிர்வீச்சு உண்டு, கிட்னி தாங்க வேண்டிய மருந்து உண்டு. டிவிடியில இடம் போற மாதிரி இங்கே உடம்பு விலை கொடுக்குது.

லேப்ராஸ்கோபி வீடியோ பார்த்துப் படிக்கும் மாணவர்களைக் கேளுங்க. வயித்துக்குள்ள இருக்கிற கேமரா ஒண்ணைத்தான் எல்லாரும் காட்டுவாங்க. கூடவே சர்ஜனின் கையைக் காட்டும் வெளிக் கேமராவும் இருந்தா பையன் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பான். நோயாளிக்குள்ள நடக்கறது புத்தகத்துலயும் இருக்கு. மணிக்கட்டு எப்படித் திரும்புதுன்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?

இப்ப மறுபடி காரைக்கால்.

எங்க ஊர் மாங்கனித் திருவிழா பலருக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனி பௌர்ணமி. காரைக்கால் அம்மையார் கதையில் வரும் அந்த ரெண்டு மாம்பழத்தின் நினைவா. பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் வீதிக்கு வரும்போது வேண்டுதல் நிறைவேறியவங்க மாடியிலிருந்து கூடை கூடையா மாம்பழம் எறிவாங்க. கீழே ஜனம் பாய்ந்து பிடிக்கும். குழந்தை வேண்டி நிக்கிறவங்க கைக்கு அந்தப் பழம் கிடைச்சா நடக்கும்னு நம்பிக்கை. டாக்டரா எனக்கு இதுல சொல்ல ஒண்ணுமில்லை. மாம்பழத்தால மண்டையில அடி வாங்கி வந்தவங்களுக்குத் தையல் போட்டிருக்கேன், அது மட்டும் சொல்லலாம்.

2020, கொரோனா. விழா பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே நடந்தது. எங்க அப்பாயி அப்போ என்னோட திருச்சியில். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகிப் படுக்கையில். விழாவை அவங்களுக்கு மொபைல்ல போட்டுக் காட்டினேன். கும்பிட்டுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, 'சாமி தெரியுது, நம்ம தெரு எங்கடா?'ன்னாங்க.

அறுபது வருஷம் அவங்க அந்த விழாவைப் பார்த்தது பாரதியார் சாலைப் பக்கம் ஒரு மாடிக் கைப்பிடிச் சுவர்லேர்ந்து. அவங்க திருவிழான்னு நினைச்சிருந்ததுல சப்பரம் கால்வாசி. மீதி எதிர்வீட்டு மாடி, எறியற நாத்தனார், கீழே முந்தானை விரிச்சு நிக்கிற பொண்ணுங்க.

2022-இல் வீதியுலா பழையபடி நடந்தது. அவங்களால போக முடியலை. ஊர்ப் பசங்க நேரலை போட்டிருந்தாங்க. யூடியூப்ல நாலு, ஃபேஸ்புக்குல ரெண்டு. ஒருத்தன் சப்பரத்துக்கு முன்னால நடந்துக்கிட்டே. ஒருத்தன் மாடியில. நிறுவனம் எதுவும் போடாத மல்ட்டி கேம்.

வீட்டுல இருந்த மூணு போனையும் ஒரு டேப்லெட்டையும் கட்டில்ல வரிசையா சாய்ச்சு வெச்சோம். அப்பதான் அந்த மான்ட்ரியல் பிரச்சினை வந்தது. ஒவ்வொரு நேரலையும் ஒவ்வொரு அளவு தாமதம். ஒரு போன்ல சப்பரம் வீட்டைத் தாண்டிடுச்சு, பக்கத்துப் போன்ல இப்பதான் திரும்புது. ஒரே மாம்பழ மழை முப்பது நொடி இடைவெளியில மூணு தடவை பெய்யுது. எனக்குத் தலை சுத்திச்சு. அப்பாயிக்கு அதுல ஒரு குறையும் தெரியலை. 'நல்லதா போச்சு, முதல்ல விட்டதை இதுல பார்த்துக்கலாம்'னாங்க.

அரை மணி நேரத்துல மூணை அணைக்கச் சொல்லிட்டாங்க. மிச்சம் வெச்சது எங்க சித்தப்பா பையனோட வீடியோ காலை. அவன் போனை எங்க மாடிக் கைப்பிடிச் சுவர்ல செங்கல் வெச்சு நிறுத்திட்டு எங்கேயோ போயிட்டான். படம் ஆடவே இல்லை. சப்பரம் அதுல ஓரமா ரெண்டு நிமிஷம்தான் வந்துட்டுப் போச்சு. மீதி நேரமெல்லாம் எதிர்வீட்டு மாடி, மின்கம்பி, கைகள்.

கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, 'அந்தப் பயலுக்கு இன்னொரு போன்ல சொல்லு, போனைக் கொஞ்சம் கீழே சாய்க்கட்டும். பழம் யார் கையில விழுதுன்னே தெரியலை'ன்னாங்க.